இரண்டு மணி நேரத்தில் அடங்காத பாடம்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முதுகலைப் புள்ளியியல் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த கல்வியாண்டிலிருந்து 'இடஞ்சார் புள்ளியியல்' என்ற விருப்பப் பாடத்தை, அதாவது எங்கே அளந்தோம் என்பதையும் கணக்கில் எடுத்துத் தரவைப் படிக்கும் பாடத்தை, எடுத்துவிடுவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அதன் சாரம் மெஷின் லேர்னிங் தாளின் நான்காம் அலகில் இரண்டு மணி நேரமாகச் சேர்க்கப்படும் என்றும் அதில் இருக்கிறது. மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். சேரும் மாணவர்கள் குறைவு. நடத்திவந்த ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாவது, "இவ்வகைப் பகுப்பாய்வுகளை இன்று மென்பொருள்களே செய்துவிடுகின்றன."

முதல் இரண்டும் நிர்வாகச் சிக்கல்கள், பேசித் தீர்க்கலாம். மூன்றாவதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி நானே ஒருமுறை போட்ட வரைபடத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள் துறையில் அந்தப் பாடத்தைப் படித்து வெளியே வந்தவன் நான். வந்ததும் நிலத்தடி நீர்த் தரவுகளோடு வேலை. கிணறுகளில் அளந்த ஃப்ளோரைடை வைத்து, அளக்காத இடங்களில் எவ்வளவு இருக்கும் என்று கணித்து வண்ண வரைபடம் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு. வரைபடத்தை வாங்கிப் பார்ப்பவர்களின் கண்ணில் படுவது அந்த இரண்டு நிறங்கள்தான்.

சில வருடங்களுக்கு முன் முந்நூற்றுச் சொச்சம் கிணறுகளின் அளவுகள் கைக்கு வந்தன. அவசரம் என்றார்கள். பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மெஷின் லேர்னிங் முறையான ரேண்டம் ஃபாரஸ்டில் போட்டேன். உயரம், பாறை வகை, மழையளவு, நீர்மட்டத்தின் ஆழம், கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை. தரவைப் பத்துப் பங்காகக் குலுக்கிப் பிரித்து, ஒன்பதில் பயிற்சி, ஒன்றில் சோதனை என்று பத்து முறை ஓட்டும் வழக்கமான குறுக்குச் சரிபார்ப்பு. கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.8ஐத் தாண்டியது; 1 என்றால் முழுப் பொருத்தம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டேன். வரைபடத்தின் வடமேற்கு மூலை முழுக்கப் பச்சை.

மூன்று மாதம் கழித்துக் களக்குழு அந்த மூலைக்கே போய் எடுத்துவந்த மாதிரிகளின் முடிவுகள் வந்தன. முதல் வரியில் 2.3. அடுத்தது 1.9. அதற்கடுத்தது 2.6. நான் பச்சை அடித்த இடத்தில் பாதிக்கு மேல் சிவப்பு.

எங்கே தவறினேன் என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. கிணறுகளை வெறும் புள்ளிகளாகத் திரையில் போட்டுப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. புள்ளிகள் எல்லாம் சாலையை ஒட்டியே ஓடின. வண்டி போகிற தூரம் வரைக்கும்தான் மாதிரி எடுத்திருந்தார்கள். ஒரே தெருவில் ஐந்து கிணறு, ஆறு கிணறு. குலுக்கிப் பிரித்தபோது அதில் ஒன்று சோதனைக்குப் போனால், பக்கத்து வீட்டுக் கிணறுகள் எல்லாம் பயிற்சியில் உட்கார்ந்திருந்தன. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கையில் இருந்த மாடல், பக்கத்துக் கிணற்றின் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டது. வினாத்தாளை முந்தின நாளே வாங்கிக்கொண்டு எழுதிய தேர்வில் எண்பது மதிப்பெண் எடுத்த கதை. வடமேற்கு மூலைக்கு ஆக நெருக்கமாக இருந்த கிணறே இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே போய்ப் பார்த்து எழுத யாரும் இல்லை.

அன்று இரவு பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.

அந்த நோட்டில் இன்னும் ஒரு கிராஃப் தாள் ஒட்டியிருக்கிறது. பாடத்தின் இரண்டாவது வாரம். ஆசிரியை பன்னிரண்டு புள்ளிகளைக் கரும்பலகையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண்ணை எழுதினார். கணினியைத் தொடக் கூடாது. பன்னிரண்டு புள்ளிக்கு அறுபத்தாறு இணைகள். ஒவ்வொரு இணைக்கும் இடையிலுள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, மதிப்புகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திப் பாதியாக்கி, தூரத்துக்கு எதிரே புள்ளி வைக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே செய்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தாளில் ஒரு மேகம் போலப் புள்ளிகள் விழுந்திருந்தன. இடதுபக்கம் தாழ்ந்து, வலதுபக்கம் போகப்போக உயர்ந்து, ஒரு கட்டத்தில் சமதளமாகிவிடும் மேகம். வேரியோகிராம் என்பதை நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன். "இந்தக் கோடு ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை? தூரமே இல்லாத இடத்தில் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அளவீட்டுப் பிழை, மாதிரிகளின் இடைவெளிக்கும் குறைவான தூரத்தில் நடக்கும் ஏற்ற இறக்கம் என்று அவர் விளக்கியபோது, அந்தத் தொடக்க உயரத்துக்கு வைத்த 'நகெட்' என்ற பெயர் தங்கச் சுரங்கத்தின் தங்கக் கட்டியிலிருந்து வந்தது என்பதையும் சொன்னார். கட்டி கிடைத்த இடத்துக்கு ஓரடி தள்ளித் தோண்டினால் ஒன்றுமே இருக்காது.

அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே என் கிணறுகளுக்கு வேரியோகிராம் போட்டேன். நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் ஒரு கிணறு இன்னொரு கிணற்றைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. வேரியோகிராமை வைத்து அக்கம்பக்க அளவுகளை எடைபோட்டுக் கணிக்கும் கிரிகிங் முறையைச் செய்திருந்தால், வடமேற்கு மூலையில் அதன் மாறுபாடு, அதாவது கணிப்பு எவ்வளவு தவறலாம் என்று அதுவே சொல்லும் அளவு, உச்சத்துக்குப் போய் நின்றிருக்கும். கிரிகிங் மாறுபாட்டிலும் குறை உண்டு. புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன, வேரியோகிராம் என்ன வடிவம் என்பதை மட்டுமே அது பார்க்கும், அக்கம்பக்கத்தில் அளந்த மதிப்புகள் எப்படித் துள்ளுகின்றன என்பதைப் பார்க்காது. ஆனாலும் 'இங்கே எனக்குத் தெரியாது' என்றாவது சொல்லியிருக்கும். என் ரேண்டம் ஃபாரஸ்ட் அதைக்கூடச் சொல்லவில்லை. பச்சை அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

படித்தவனே இப்படி விழுந்தேன். ஆனால் விழுந்த பிறகு எந்த நோட்டைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் புதிய பாடத்திட்டத்தில் படித்து வருபவருக்குத் திறக்க நோட்டு இருக்காது. அவருடைய பிழை பிழை என்றே தெரியாமல் அறிக்கையாக வெளியே போகும்.

இது என் ஒருவனின் கைப்பிசகு என்று தள்ளிவிட வேண்டாம். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் உயிர்த்திணிவை, அதாவது மரங்களின் மொத்த எடையை, வரைபடமாக்கும் மாடல்களை ஒரு ஆய்வுக்குழு சோதித்து 2020இல் வெளியிட்டது. குலுக்கிப் பிரித்துச் சரிபார்த்தால், காட்டுக்குக் காடு உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் மாடலுக்குப் பிடிபடுவதாகத் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் பயிற்சியிலும் சோதனையிலுமாகச் சிதறாதபடி பிரித்துச் சரிபார்த்ததும் கணிக்கும் திறன் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. என் கிணற்றுக் கதைதான், கண்டத்தின் அளவில்.

அதற்கு அடுத்த ஆண்டே இன்னொரு கட்டுரை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. வரைபடத்தின் துல்லியத்தை அளக்க இடவாரியாகப் பிரித்துச் சரிபார்ப்பதும் சரியான வழி இல்லை, அது பிழையைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிக் காட்டலாம், வரைபடத்தின் எல்லைக்குள் முறையான நிகழ்தகவு மாதிரி எடுத்துச் சோதிப்பதே நேர்மையானது என்பது அவர்கள் வாதம். நான் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். மாதிரிகள் எப்படி எடுக்கப்பட்டன, வரைபடம் எந்த இடத்துக்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்களிடம் கேட்கிறேன்: மென்பொருளில் இதற்கு எந்த பொத்தான்? முறைகளைப் பற்றிய சண்டையே இன்னும் முடியாத துறையை, முடிந்துபோன துறையாக எப்படி முடிவு கட்டினீர்கள்?

சண்டை முடியாதது இருக்கட்டும். எப்போதோ தீர்ந்த விஷயம்கூட நம் மாணவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் அளவீடுகள் இருக்கின்றன, எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கிடையே ஒட்டுறவு வெறும் 0.05 என்று வைத்துக்கொள்வோம். இந்த 0.05ஐப் பார்த்தால் 'கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை' என்று விட்டுவிடத் தோன்றும். சராசரியைக் கணிப்பதில் இந்த ஆயிரமும் எத்தனை தனித்தனி அளவீடுகளுக்குச் சமம்? ஆயிரத்தை, ஒன்று கூட்டல் 999 பெருக்கல் 0.05 என்பதால் வகுக்க வேண்டும். விடை இருபதுக்கும் சற்றுக் குறைவு. ஆயிரம் பேர் சாட்சி சொன்னதாக நினைத்தோம், உண்மையில் சொன்னது இருபது பேர். நிஜத் தரவில் ஒட்டுறவு தூரத்தோடு குறையும் என்பதால் எண் மாறும், திசை மாறாது. வருகைப் பேராசிரியராக ஓரிரு இடங்களில் ஆய்வேடுகளைத் திருத்தியிருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தின் பல்லாயிரம் பிக்சல்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணி, தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி முடிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்புக்குத் தசமப் புள்ளிக்குப் பின் பூஜ்ஜியங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. ரிக்ரெஷன் தாளில் 'பிழைகள் ஒன்றையொன்று சாராதவை' என்ற வரியை மனப்பாடம் செய்யவைத்தோமே தவிர, அந்த வரி எப்போது பொய்யாகும் என்று காட்டவில்லை.

அந்த வரி நிலத்தில் பொய்யாகும் என்று நூறு வருடங்களுக்கு மேலாகத் தெரியும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரே கோதுமையை, ஒரே மாதிரி உரமிட்டு, 500 சின்னப் பாத்திகளாக அறுவடை செய்து எடைபோட்டார்கள். 1911இல் மெர்சரும் ஹாலும் வெளியிட்ட எண்கள் அவை. எல்லாம் ஒன்றுபோலச் செய்தும் விளைச்சல் பாத்திக்குப் பாத்தி மாறியது. அந்த மாற்றமும் தாறுமாறாக இல்லை, பக்கத்துப் பாத்திகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பின்னாளில் அதே பண்ணையில் வேலை பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர், இந்தத் தொல்லையைச் சமாளிக்கத்தான் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யச் சொன்னார். நம் துறையின் முதல் தாளான சோதனை வடிவமைப்பு, மண்ணின் இந்தக் குணத்துக்குப் பயந்து பிறந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு தாயை வெளியே அனுப்புகிறீர்கள்.

சுரங்கக் கதை இன்னும் சுவையானது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டு தங்க வயல்களில் வேலை பார்த்த பொறியாளர் டானி கிரிக். மாதிரிகளில் தங்கம் அதிகம் காட்டிய பாறைத் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து வெட்டினால், வெளியே வரும் தங்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. குறைவாகக் காட்டிய தொகுதிகளில் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. சில மாதிரிகளின் உயர்ந்த மதிப்பை அப்படியே முழுத் தொகுதிக்கும் ஏற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும். அக்கம்பக்கத் தொகுதிகளின் அளவுகளையும் எடைபோட்டுச் சேர்த்து இந்தச் சாய்வைத் திருத்த வேண்டும் என்று அவர் 1951இல் எழுதினார். பிரான்ஸில் கணிதவியலாளர் ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் அதற்குக் கணித உடல் கொடுத்து, கிரிக்கின் பெயரையே முறைக்கு வைத்தார். இன்று மெஷின் லேர்னிங் வரைபடத்தில் ஆக உயர்ந்த மதிப்பு எங்கே என்று பார்த்து அங்கே பணத்தைக் கொட்டுகிறவர்கள், கிரிக் பார்த்த அதே பள்ளத்தில் கால் வைக்கிறார்கள்.

எல்லைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று எந்த அலுவலகத் திரையைத் திறந்தாலும் பகுதிவாரியாக நிறம் அடித்த வரைபடம் இருக்கிறது. 1950இல் சமூகவியலாளர் ராபின்சன், 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். மாநிலவாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு, ஒட்டுறவு -0.53. ஆள்வாரியாகப் பார்த்தால் +0.12. குறியே தலைகீழாகிவிட்டது. குடியேறியவர்கள் ஏற்கெனவே கல்வி பரவிய மாநிலங்களில் போய்த் தங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். 1979இல் புவியியலாளர்கள் ஓப்பன்ஷாவும் டெய்லரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை வெவ்வேறு விதமாக ஒட்டிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். முதியோர் விகிதத்துக்கும் ஒரு கட்சியின் வாக்கு விகிதத்துக்கும் இடையிலான ஒட்டுறவு, எல்லையை எப்படி வரைந்தார்கள் என்பதைப் பொறுத்து, ஏறக்குறைய -1 முதல் ஏறக்குறைய +1 வரை எங்கு வேண்டுமானாலும் வந்து நின்றது. எல்லைக்கோடு போடுகிறவர் கையில் முடிவு. அமெரிக்கக் கவுண்டிகளில் சிறுநீரகப் புற்றுநோய் விகிதம் ஆகக் குறைவாக உள்ளவை எவை என்று பார்த்தால் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறக் கவுண்டிகள். ஆக அதிகமாக உள்ளவை எவை என்று பார்த்தாலும் அதே மாதிரிக் கவுண்டிகள்தான். ஆட்கள் குறைவான இடத்தில் விகிதம் தாறுமாறாக ஆடும். அந்த ஆட்டத்தை அக்கம்பக்கத்தின் துணையோடு அடக்கத்தான் 1991இல் பெசாக், யார்க், மோலியே மூவரும் ஒரு மாடல் கொடுத்தார்கள். நோய் வரைபடம் போடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இதையெல்லாம் நான்காம் அலகின் எந்த நிமிடத்தில் வைக்கப்போகிறீர்கள்?

இனி எதிர்காலம். சுற்றறிக்கையில் 'எதிர்காலத்துக்கு ஏற்ற' என்ற சொல் பல இடங்களில் வருவதால் கேட்கிறேன்.

2000ஆம் ஆண்டு மே 2 அன்று பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. 2008இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படக் களஞ்சியத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் பிறகு இடம் எழுதாத தரவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. முறைகளோ இவ்வளவு தரவைத் தாங்கும்படி பிறக்கவில்லை. ஒரு லட்சம் புள்ளிகளுக்கு மரபான கிரிகிங் செய்யவேண்டும் என்றால் அணியில் ஆயிரம் கோடி எண்கள். சாதாரண இரட்டைத் துல்லியத்தில் வைத்தால் 80 ஜிகாபைட், அதுவும் சேமிக்க மட்டும். புள்ளிகள் இரு மடங்கானால் கணக்கு வேலை எட்டு மடங்காகும். இதற்கு விடை கண்டவர்கள் யார்? ஒவ்வொரு புள்ளியையும் எல்லாப் புள்ளிகளோடும் கட்டிப்போடாமல் அருகிலுள்ள சிலவற்றோடு மட்டும் கட்டினால் போதும் என்று வெக்கியா 1988இலேயே எழுதினார். அந்த விதையிலிருந்து 2016இல் அண்மை அயலார் காஸியன் செயல்முறை வளர்ந்து வந்தது. ஸ்வீடனின் வனப் புள்ளியியலாளர் மாட்டர்ன் 1960இல் எழுதிய ஆய்வேட்டின் கோவேரியன்ஸ் சார்பை, அதாவது தூரத்தோடு ஒட்டுறவு எப்படிக் குறைகிறது என்று சொல்லும் சூத்திரத்தை, 2011இல் லிண்ட்கிரென், ரூ, லிண்ட்ஸ்ட்ரம் மூவரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டோடு கட்டிப்போட்டு, அடர்ந்த அணியைப் பெரும்பாலும் பூஜ்ஜியங்களே நிறைந்த ஓட்டை அணியாக்கினார்கள். 2019இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் பல குழுக்கள் ஒரே தரவை, ஒன்றரை லட்சம் கட்டங்கள் கொண்ட நிலப்பரப்பு வெப்பநிலைப் படத்தை, எடுத்துக்கொண்டு தத்தம் முறைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தன. அப்படி மோதியவற்றில் பல, ஒரு காலத்தில் 'யாருக்குப் பயன்?' என்று கேட்கப்பட்டிருக்கக்கூடிய கோட்பாடுகள். வன அளவைக்காக எழுதிய ஆய்வேடு ஐம்பது வருடம் கழித்துச் செயற்கைக்கோளுக்கு உதவும் என்று 1960இல் எந்தப் பாடத்திட்டக் குழுவுக்குத் தெரிந்திருக்கும்?

வேலையும் முடிந்துவிடவில்லை. எனக்குத் தெரிந்து அடுத்த பெரிய தலைவலி, எங்கே அளக்கிறோம் என்பதே எதை அளக்கிறோம் என்பதைச் சார்ந்திருப்பது. மாசு இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில்தான் கருவியைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். போன் வைத்திருப்பவர் நடமாடும் இடத்தில்தான் போன் தரவு. 2010இல் புள்ளியியலாளர் டிகிளும் அவருடன் எழுதியவர்களும் இதை 'விருப்பத் தேர்வு மாதிரி' என்று பொருள்படும் பெயரால் அழைத்து, கண்டுகொள்ளாமல் விட்டால் வரைபடம் எப்படிச் சாயும் என்று காட்டினார்கள். நியூரல் வலைப்பின்னல் எவ்வளவு ஆழமானாலும், பார்க்காத தெருவைப் பார்க்காது. அதோடு, இடம் என்பது ஆளைக் காட்டிக்கொடுக்கும் தகவல். அந்தரங்கம் காக்க இடத்தைக் கொஞ்சம் அசைத்துத் தந்தால், அந்த அசைவைக் கணக்கில் எடுத்து மாடல் போட வேண்டும். இவற்றில் வேலை செய்ய ஆட்கள் வேண்டும். பொத்தான் அழுத்துபவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

மென்பொருளைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில், புள்ளியியல் கணக்குக்கான ஆர் நிரல்மொழியில் இடஞ்சார் தரவைக் கையாளும் ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற மூன்று தொகுப்புகளும் ஓய்வு பெற்றன. அவற்றின் மேல் கட்டியிருந்த எண்ணற்ற நிரல்களை மாற்றி எழுத வேண்டிவந்தது, என்னுடையதும் அதில் உண்டு. பல வருடம் அவற்றைப் பேணிவந்தவர் ஓய்வு பெறும் வயதை எட்டியதே அதற்கு முக்கியக் காரணம். முன்கூட்டியே அறிவித்து, மாற்று வழி காட்டி, கண்ணியமாகத்தான் செய்தார்கள். 'தானே செய்துவிடும்' மென்பொருளுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பாடத்தைப் படித்த விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்கள். இங்கே ஆசிரியை ஓய்வு பெற்றால் பாடத்தை மூடுகிறீர்கள். அங்கே பராமரிப்பவர் ஓய்வு பெற்றால் யார் போய் நிற்பது?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. இருந்த பாடத்திட்டம் பழையது. பாதிப் பருவம் நிலைத்தன்மை பற்றிய நிறுவல்களிலேயே போகும். கணினி ஆய்வகத்துக்குப் போனது மொத்தம் மூன்றே முறை. அப்போதும் கையில் கிடைப்பது நெதர்லாந்தின் மியூஸ் ஆற்றங்கரையின் அதே 155 மண் மாதிரிகள். உலகம் முழுக்க இந்தப் பாடம் படித்த அத்தனை பேருக்கும் அந்த ஆற்றங்கரையின் துத்தநாகம் மனப்பாடம். வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் பாடத்தை வைத்துவிட்டு, சேர்ந்தவர்கள் குறைவு என்று எண்ணிக்கை காட்டுவது மட்டும் சரியில்லை. திருத்த வேண்டிய பாடம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். தூக்கி எறிய வேண்டிய பாடம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். புவியியல் துறையில்தான் வரைபடத் தரவைக் கையாளும் ஜிஐஎஸ் மென்பொருள் சொல்லித்தருகிறார்களே என்று குழுவில் ஒருவர் பேசியதாகவும் கேள்விப்பட்டேன். அவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வரைபடத்தின் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு தவறியிருக்கலாம் என்று சொல்வது நம் வேலை. அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

இந்த முடிவை அடுத்த குழுக் கூட்டம் வரை நிறுத்திவையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னாள் மாணவர்களில் இடஞ்சார் தரவோடு வேலை செய்பவர்களையும், நீர், மண், பொது சுகாதாரம் போன்ற துறைகளில் நம் மாணவர்களை வேலைக்கு எடுப்பவர்களையும் அழைத்துக் கேளுங்கள்.

பாடத்தை முழுப் பருவ விருப்பப் பாடமாகவே வையுங்கள். நேரத்தில் பாதி செய்முறையாக இருக்கட்டும். மாதிரி எடுக்கும் திட்டம், வேரியோகிராம், பகுதிவாரித் தரவின் மாடல்கள், பெருந்தரவுக்கான தோராய முறைகள், இடத்தைக் கணக்கில் எடுக்கும் சரிபார்ப்பு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். மெஷின் லேர்னிங்கோடு ஒப்பிட்டே நடத்தலாம், எனக்கு அதில் மறுப்பில்லை. வரைவுப் பாடத்திட்டம் ஒன்றை எழுதித் துறை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கால அட்டவணையில் வெள்ளி கடைசி மணியைத் தவிர வேறு எந்த நேரமும் சரி.

விருப்பப் பாடம் எடுக்காதவர்களுக்காக, கட்டாயத் தாளான ரிக்ரெஷனில் ஒரு வாரத்தை இடஞ்சார் தன்னொட்டுறவுக்கு, அதாவது பக்கத்து இடங்களின் மதிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்கு, ஒதுக்குங்கள். அந்த வாரத்தில் பன்னிரண்டு புள்ளி, அறுபத்தாறு இணை, கிராஃப் தாள் பயிற்சியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியையின் காலியிடத்தை இதே சிறப்புத் துறையில் நிரப்புங்கள். நிரப்பும் வரை இரண்டு பருவங்களுக்கு நானும், என்னுடன் படித்த இருவரும் ஊதியமின்றி வந்து நடத்தத் தயார். இதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே கொள்ள வேண்டும், காலியிடத்தை மூடுவதற்குச் சாக்காக அல்ல.

இடம் குறித்த தரவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முதுகலைத் திட்ட அறிக்கையிலும், கணிப்பு வரைபடத்தின் பக்கத்திலேயே நிச்சயமின்மை வரைபடமும், சோதனைத் தரவு எப்படிப் பிரிக்கப்பட்டது என்ற ஒரு பத்தியும் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

நீக்குவது என்றே குழு முடிவு செய்தால், 'மென்பொருள்களே செய்துவிடுகின்றன' என்ற வரிக்கு ஆதாரமாக எந்த மென்பொருள், எந்தத் தரவு, எந்தச் சரிபார்ப்பு என்பதைக் குறிப்பிட்டு, பருவம் தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறையில் இடஞ்சார் புள்ளியியல் படித்த முன்னாள் மாணவன்